கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்க வேண்டாமோ

"ஸ்பேசரை மட்டும் கழற்றிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாமா தம்பி?" என்று ரிப்பேருக்கு வண்டி கொண்டுவந்த பையனிடம் கேட்டேன். "வேணாம்ணே, நல்லா ஓடுதுல்ல, அப்படியே இருக்கட்டும்" என்றான். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அவன் முகம் சுருங்கியது. ஏதோ அவன் பொருளில் குறை சொன்ன மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்பேசர் அவனே வாங்கி வந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இழுவை கூடும் என்று வைப்பது, 10 மி.மீ. கனத்தில் ஓட்டை போட்ட அலுமினியத் துண்டு. 100 சிசி வண்டி. சூட்டைத் தடுக்கக் கம்பெனி கொடுத்த பேக்லைட் துண்டை ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) பக்கம் அப்படியே விட்டு, அதற்கப்புறம் இதை வைக்க நீளமான போல்ட் தேடவேண்டி வந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒரு பக்கம் நகம் இடறியது. ஓட்டை, இன்ஜினுக்குள் காற்று போகும் போர்ட்டைவிடக் கொஞ்சம் சிறிசு. அரம் போட்டு, எமரி தேய்த்துச் சரிசெய்தேன்.

பிரச்சினை அதில் இல்லை. கார்புரேட்டரை இறக்கியபோது மூட்டில் காற்று கசியாமல் அடைக்கிற பழைய ரப்பர் ஓ-ரிங் கல் மாதிரி இறுகி, தட்டையாகி, ஒரு இடத்தில் வெடித்தே இருந்தது. வண்டி ஏர் இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும், பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும் என்று அவன் சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தியது. புது ஓ-ரிங் போட்டேன். ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அழுக்கு பிடித்திருந்தது, அதையும் சுத்தம் செய்து ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி செட் பண்ணினேன். இத்தனையும் ஒரே மூச்சில்.

அப்புறம் வண்டி நன்றாக ஓடாமல் எப்படி இருக்கும்? ஓட்டிவிட்டு வந்தவன், "ஸ்பேசர் செம்மையா வேலை செய்யுதுண்ணே" என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஸ்பேசரை மட்டும் எடுத்து, அதே ரோட்டில் ஓட்டினால் தெரிந்துவிடும். கூலி வேண்டாம் என்றுகூடச் சொன்னேன்.

நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இன்டேக் வால்வு மூடும்போது ஒரு அழுத்த அலை குழாயில் பின்னால் போய், திறந்த முனையில் முட்டித் திரும்பி, முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருக்கும். வால்வு மறுபடி திறக்கும் நேரத்துக்கு அது சரியாக வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். குழாய் நீளமானால் அந்தப் பலன் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கும். குழாய் மொத்தம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. கூட்டுவது 5 சதவீதம். 8000-ல் கிடைத்தது 7600 பக்கம் கிடைக்கும். அவ்வளவுதான். அதுகூட பில்டரைக் கார்புரேட்டரிலேயே நேராக மாட்டியிருந்தால். இவன் வண்டியில் பில்டர் இருக்கும் ஏர் பாக்ஸ் சட்டத்தில் இறுகி நிற்கிறது. கார்புரேட்டர் 10 மி.மீ. பின்னால் போனபோது இரண்டையும் இணைக்கும் ரப்பர் பூட்தான் சுருங்கிக்கொண்டது. வால்விலிருந்து ஏர் பாக்ஸ் வரை நீளம் துளியும் கூடவில்லை. சூட்டைத் தடுக்கும் என்றால், அது பேக்லைட் செய்யும் வேலை. வண்டியை நிறுத்தியபின் ஹெட் சூடு ஏறி கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் காப்பது அதுதான். அலுமினியம் சூட்டைக் கடத்தத்தான் செய்யும்.

இதெல்லாம் சரி. ஆனால் அன்று ராத்திரி இன்னொன்று உறைத்தது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது கார்புரேட்டரில் ஏறி இறங்கிக் காற்றை விடும் ஸ்லைடுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடம் பெரிதாகியிருக்கிறதே! ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் இழுக்கிறது. மீதி நேரம் ஸ்லைடின் சந்து வழியாகக் காற்று கசிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். இடம் பெரிதானால் அதில் சேரும் காற்றும் கூடும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருப்பும்போது, அதே திருப்பலுக்கு முன்பைவிடக் கூடுதல் இழுவை. முழுசாகத் திருகினால் வித்தியாசம் இருக்காது. டவுனில் ஓட்டுகிறவன் எப்போது முழுசாகத் திருகுகிறான்? அவன் கையில் பட்டது நிஜமாகவே ஸ்பேசராக இருக்கலாம். எவ்வளவு என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

கூட வேலை பார்க்கும் பெரியவர், "அவன் சந்தோஷமா இருக்கான், உனக்கென்னப்பா?" என்றார். எனக்கென்ன என்றால், நாளைக்கு அந்த ஓ-ரிங் மறுபடி இறுகி ஐடில் ஆடும்போது அவன் ஓ-ரிங்கைத் தேடமாட்டான், இன்னும் கனமான ஸ்பேசரைத் தேடுவான். பெரியவரிடம் இப்படித்தான் சொன்னேன், அவரும் தலையை ஆட்டினார். ஆனால் கேட்ட அந்த நிமிஷத்தில் நாளைய ஓ-ரிங்கா என் நினைப்பில் இருந்தது? நான் பார்த்த வேலைக்கான பேர் ஒரு அலுமினியத் துண்டுக்குப் போகிறதே என்ற எரிச்சலும் இருந்திருக்கும். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதையும் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க முடியாதே.

இப்போது ஸ்பேசரோடு வருகிறவர்களிடம், "முதல்ல கார்புரேட்டர் வேலையை மட்டும் முடிச்சுத் தர்றேன், ஒரு வாரம் ஓட்டுங்க, அப்புறம் இதைப் போடலாம்" என்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஸ்பேசர் போட திரும்பி வருவதில்லை. வண்டி சரியாகிவிட்டதாலா, வேறு இடத்தில் போட்டுக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் இரண்டாவதுதான் என்கிறார்.