அம்மம்மாவின் உறுதி

நேற்று வீடு ஒதுக்கும்போது அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள் வீட்டு உறுதிப் பத்திரம் கிடந்தது, மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் பூச்சி அரித்து, ஆனால் அவவின் பெயர் மட்டும் தெளிவாக. மட்டக்களப்பில் இது புதினமில்லை. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார், குடி என்கிற குலமும் தாய்வழிதான். முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பக்கமும் அதே கதை. 1876இல் வெள்ளைக்காரன் இந்தத் தாய்வழிச் சொத்துரிமையின் முக்குவர் சட்டத்தை எடுத்துவிட்டான், வழக்கம் அசையவில்லை. (பெருமைப்பட முதல், அந்தச் சீதன வீட்டைக் கட்டவே எத்தனை பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள் என்றும் யோசியுங்கோ.)

1931இலேயே 21 வயதுப் பெண்கள் இங்கே இலங்கையில் வாக்குப் போட்டார்கள், பிரான்சுக்காரிக்கு 1944 வரை அந்த உரிமையில்லை. சரி, அப்புறம்? நாலே வருசத்தில், 1935இல், காணி அபிவிருத்திச் சட்டம். அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் வைத்திருக்கும் பேமிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்து எழுதாமல் செத்தால் வாரிசு வரிசையில் மகள்மாருக்கு முன்னால் மகன்மார். அதைத் திருத்த 2022 ஆயிற்று.

அம்பாறையில் அப்பப்பாவின் பேமிட் வயல் அப்படித்தான் சித்தப்பாவுக்குப் போனது. அப்பப்பாவின் பிள்ளைகளில் மாமிதான் மூத்தவ. இன்றைக்கும் பஸ் அந்த வயலைத் தாண்டும்போது மாமி யன்னல் பக்கம் திரும்பமாட்டா.