சுண்ணாம்புச் சத்து பழைய இலையிலிருந்து திரும்பி வராது

"கக் (அக்கா), இந்தக் கன்று மட்டும் ஏன் இப்படி நிற்கிறது?" என்று கேட்டார் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் இந்தோனேசியப் பெண். போய்ப் பார்த்தேன். அது மட்டும் இல்லை. அந்த வரிசை, அதற்கு அடுத்த வரிசை, ஒரே லோரி மண்ணில் நிரப்பிய பைகள் அத்தனையும் அப்படித்தான் நின்றன. ஐந்து மாதக் கன்றுகள், ஆனால் மூன்று மாத உயரம். குருத்து குட்டையாக, நுனி கருகியிருந்தது. அடி இலைகளோ நல்ல பச்சை.

இருபத்திரண்டு வருடமாகச் செம்பனை, அதாவது பாமாயில் மர நாற்றங்காலில் இருக்கிறேன். அடி இலை மஞ்சளானால் எனக்கு அவ்வளவு பயம் வராது. பொட்டாசியமோ மக்னீசியமோ குறைந்தால், செடி பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் கிழவன் இலைதான் முதலில் வாடும். கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, அப்படி இல்லை. ஓர் இலையின் செல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டால் அதோடு சரி, அங்கிருந்து திரும்பி வராது. வேர் உறிஞ்சும் தண்ணீரோடு அன்றாடம் புதிதாக ஏறிவந்தால்தான் குருத்துக்குப் பங்கு கிடைக்கும். அடி பச்சையாக இருந்து குருத்து மட்டும் கருகினால், முதலில் வேரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவினேன். வெள்ளை நுனியே இல்லை. கட்டையாக, பழுப்பாக, பக்க வேர் விடாமல் நின்றுபோயிருந்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தக் கன்றுகளை முளைவிட்ட விதையாக, குருத்து மேலே, வேர் கீழே என்று பார்த்துப் பார்த்துச் சின்னப் பையில் வைத்தவள் நான்.

அப்புறம் மண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். மலைமண் வரத் தாமதமானதால், பாரிட்டை, அதாவது வடிகால் வாய்க்காலை, ஆழப்படுத்தியபோது அள்ளிக் கரையில் போட்ட மண்ணையே கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். நாங்கள் இருப்பது மலேசியாவின் கோல லங்காட் கடலோரம். இந்த நிலம் ஒரு காலத்தில் அலையாத்திக் காடு. அடியில் கிடக்கும் களிமண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. மேலே எடுத்துக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். மிச்சம் இருந்த குவியலைப் போய்ப் பார்த்தேன், காய்ந்த கட்டிகளில் மஞ்சள்தூள் தடவியதுபோலத் திட்டுத் திட்டாக இருந்தது. பி.எச். 3.6 காட்டியது.

இவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வெளியே வரும். அது முதலில் அடிப்பது வேர் நுனியை. கால்சியம் பெரும்பாலும் செடிக்குள் நுழைவதும் அதே இளம் நுனி வழியாகத்தான். வாசலே அடைபட்டுப்போனது. இது தெரியாமல் இரண்டு முறை கூட்டு உரம் வேறு போட்டிருந்தோம்.

மேலிருந்து வந்த உத்தரவு, எல்லாப் பைகளிலும் சுண்ணாம்புத் தூளை அள்ளித் தூவுங்கள் என்பது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தூவினால் அது மேல்மண்ணிலேயே கிடக்கும், கரைந்து அடிவேர் வரை இறங்காது. அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா கோல சிலாங்கூர் பக்கத்தில் பை நிரப்பிய காலத்து ஆள். 1917இல் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பெயர் தென்னமரம்! அம்மா வெற்றிலை போடுகிறவர். "சுண்ணாம்பு கூடிப்போனா வாய் வெந்துடும்டி, பார்த்துப் போடு" என்றார்.

மூன்று மாதம் கேட்டு வாங்கிக்கொண்டு, நாற்பது பைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தேன். முதல் பத்தை வெறுமனே பிரித்து அதே மண்ணில் திரும்ப வைத்தேன், பிரித்ததால்தான் மாற்றம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது பத்தில், பைக்கு 40 கிராம் டோலமைட்டை மண் முழுக்கக் கலந்தேன். ஈப்போ பக்கத்துப் பாறை மலைகளை வெட்டி அரைக்கும் தூள் அது, கால்சியத்தோடு மக்னீசியமும் இருக்கும். வெறும் சுண்ணாம்பைவிடச் செம்பனைக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும். மூன்றாவது பத்துக்கு அதுவே 160 கிராம். நான்காவதுக்கு மேலே தூவியது கால்சியம் சல்பேட்டான ஜிப்சம். அது புளிப்பைக் குறைக்காது, ஆனால் தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் மாதத்தில் முந்தியது 160 கிராம் போட்ட பத்துதான். மேலாளர்கூட வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாவது மாதம் அதே கன்றுகளில் புது இலைகளின் நுனி தூண்டில் முள்போல வளைந்து வந்தது. அது போரான் பற்றாக்குறை. சுண்ணாம்பு மிஞ்சினால் மண்ணில் இருக்கும் போரானும் செடிக்கு எட்டாமல் போய்விடும். 40 கிராம் பத்து மெதுவாகத்தான் வந்தது, ஆனால் குருத்து நேராக விரிந்தது. ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன், வெள்ளை வேர் நுனிகள்! வெர்னியர் அளவி வைத்து அடித்தண்டை அளந்தபோதும் அந்தப் பத்துதான் பருமன். ஜிப்சம் போட்டவை தேறின, ஆனால் அதற்குப் பின்னால்தான்.

இடையில் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து இலையில் அடித்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். ஆனால் அதே தொட்டியில் கீசரைட்டையும் (மக்னீசியம் சல்பேட் உரம்) போட்டுக் கலக்கிவிட்டார்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம்தானே. வெள்ளைக் குழம்பாகி நாசில் எல்லாம் அடைத்துக்கொண்டது. இரண்டையும் வேறு வேறு நாளில் அடியுங்கள்.

இதைப் படித்துவிட்டுக் கால்சியம் பாட்டில் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பை நிரப்பும்போது நாம் மண்ணில் கலக்கும் கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட்டிலேயே கால்சியம் தாராளமாக இருக்கிறது. வேர் நன்றாக இருந்து, தண்ணீரும் தவறாமல் போனால் நல்ல மண்ணில் அதுவே போதும். வெயில் காலத்தில் பம்ப் நாலு நாள் நின்றாலும் குருத்து நுனி கருகும். அது உரக் குறை இல்லை, கால்சியத்தை ஏற்றிவரும் தண்ணீர் நின்றதன் குறை.

மற்ற பைகளில் தேறக்கூடியவற்றுக்கு 40 கிராம் முறையையே செய்தோம். ஒவ்வொரு பையையும் பிரித்துக் கலந்து திரும்ப நிரப்பினோம், ஆறு பெண்களுக்குப் பதினொரு நாள் வேலை. தேறாதவற்றை நானே வெட்டி எறிந்தேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் நட்டால் இருபத்தைந்து வருடம் நிற்கப்போகிற மரம், குறைக் கன்றை எப்படி அனுப்புவது?

இப்போது எந்த லோரி மண் வந்தாலும் ஒரு கூடை எடுத்துத் தகரத்தில் பரப்பி, நனைத்து நனைத்து மூன்று வாரம் காற்றாட வைக்கிறேன். பிறகு பி.எச். பார்க்கிறேன். மஞ்சள் திட்டு தெரிந்தால் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். போன வாரம்கூட ஒன்று திரும்பிப் போனது.