டியூட்டி ரவுண்டுகளைச் சோதித்து முடித்த கதை

எங்கள் போலீஸ் ஆயுதப்படையில் ரவுண்டுகளை, அதாவது தோட்டாக்களை, எண்ணாத ஆள் கிடையாது. பாரா (காவல் முறை) மாறும்போது எண்ணுவோம். கைதி வழிக்காவலுக்குக் கிளம்பும்போது எண்ணுவோம். திரும்பி வந்து ஸ்டோரில் ஒப்படைக்கும்போது மறுபடியும் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஒருத்தரும் வீடு போய்ச் சேர முடியாது. ஆனால் அந்த ரவுண்டு தேவைப்படும் நேரத்தில் ஒழுங்காக வெடிக்குமா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

போன வருஷம் தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் எங்கள் ரிசர்வ் இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. ஐயா, அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னார். வால்பாறைப் பக்கம் காவலுக்குப் போய்விட்டு வந்த ரவுண்டுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை அவரே பார்த்துவிட்டார். டியூட்டிக்குக் கொடுத்திருக்கும் எல்லா ரவுண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரருக்கு உதவியாக ஒரு ஆள் வேண்டும் என்றார். என் பெயர் எப்படி வந்தது என்றால், கோவை கணபதியில் அப்பா லேத் வைத்திருந்தார். பம்புக்கு ஷாஃப்ட் கடையும் வீட்டில் வளர்ந்ததால் நுட்பமாக அளக்கும் வெர்னியரைப் பிடிக்க எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தெரியும். ஆயுதப்படையில் அப்படி ஒரு பெண் போலீஸ் இருப்பது எப்படியோ ஐயாவுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டோர் பொறுப்பில் இருந்த சிறப்பு எஸ்.ஐ., எஸ்.எஸ்.ஐ. ஐயாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஏம்மா, எண்ணிக்கை சரியாத்தானே இருக்குது? அப்புறம் என்னத்துக்கு ஒண்ணொண்ணா உருட்டிப் பாத்துட்டிருக்கறீங்க?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. நாங்கள் ஒரு ரவுண்டை ஒதுக்கினால் அதற்குக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான்.

முதலில் இடம். ஜன்னல் ஓரமாக மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்துக்கொண்டோம். டியூப் லைட்டில் களிம்பு தெரியாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். துப்பாக்கி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று ஆர்மரர் கறாராகச் சொல்லிவிட்டார். ரவுண்டு ஓர் அறை, ஆயுதம் ஓர் அறை. கையில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும். ரவுண்டின் அடியில் நடுவில் இருக்கும், ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் பிரைமரின் ஓரமாக எண்ணெய் உள்ளே இறங்கினால் அது செத்துப்போகலாம். ராணுவ ரவுண்டுகளில் பிரைமரைச் சுற்றி வண்ண அரக்கு மாதிரி ஒரு வளையம் இருக்கும், ஈரத்தைத் தடுக்கத்தான் அது. அதை நம்பி எண்ணெய்த் துணியால் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். காய்ந்த பருத்தித் துணி போதும்.

பாலிஷ் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கார்டில் (காவல் அணியில்) இருந்து வந்த ரவுண்டுகள் தங்கம் மாதிரி மின்னின. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று, பெல்ட் பக்கிளுக்குப் போடும் பித்தளை பாலிஷை எடுத்து யாரோ தேய்த்திருக்கிறார்கள். ஆர்மரர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரிப் பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கும், பித்தளைக்கு அது ஆகாது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருக்கிறார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கேஸ்களில், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடுகளில், விரிசல். குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியாவும், கேஸைச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது. ஆர்மரர் இதைச் சொன்னபோது எஸ்.எஸ்.ஐ. ஐயாவே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அப்புறம் பிரித்தல். கேஸின் அடியில் குத்தியிருக்கும் முத்திரையில் தயாரித்த தொழிற்சாலையின் குறியும் வருஷமும் இருக்கும். கே.எஃப். என்றால் புனே கட்கி, ஓ.எஃப்.வி. என்றால் வரங்கான். ஒரே தொகுப்பாகத் தயாரானவற்றுக்குக் கொடுக்கும் லாட் எண்ணைத் தெரிந்துகொள்ளப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியை உடைத்துக் கலந்துவிட்டால் எந்த ரவுண்டு எந்த லாட் என்று சொல்ல வழியே இல்லை. எங்கள் ஸ்டோரில் பாதிக்கு மேல் அப்படித்தான் கலந்து கிடந்தது. வருஷத்தை வைத்தாவது பிரிப்போம் என்று 9 எம்.எம்., .303, எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. என்று துப்பாக்கி வகைவாரியாக வைத்து, ஒவ்வொன்றையும் வருஷவாரியாகக் குவித்தோம். இதற்கே நிறைய நேரம் போனது.

பார்ப்பதில் முதல் இடம் பிரைமருக்கு. கேஸின் அடிமட்டத்தைவிட அது இம்மி உள்ளே இறங்கி இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே ஓரளவு தெரியும். சந்தேகமாக இருந்தால் ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை அதன் குறுக்கே வைத்துப் பார்ப்போம். ஸ்கேல் ஆடினால் பிரைமர் மேலே நிற்கிறது என்று அர்த்தம். துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது அந்த அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடலாம், ரவுண்டு வெடிக்காது. தலைகீழாகவோ சாய்ந்தோ பொருத்தப்பட்ட பிரைமரும் அபூர்வமாக வரும். சின்னப் புள்ளி மாதிரிக் குழி இருந்தால் பதற வேண்டியதில்லை. ஏ.கே.-யில் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, ரவுண்டு போய் உட்காரும் சேம்பரில் ஏற்றும்போதே லேசாகத் தொட்டுவிடும். ஆனால் ஒரே ரவுண்டைத் திரும்பத் திரும்ப ஏற்றி அந்தக் குழியை ஆழமாக்குவது நல்லதில்லை.

கேஸில் பள்ளம், வீக்கம், வாயில் நீளவாக்கில் விரிசல் ஆகியவற்றைத் தேட வேண்டும். களிம்பு எப்படி வந்தது என்று துருவியதில் தோல் பவுச்சில் போய் நின்றோம். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்தால் பித்தளை பச்சை பிடிக்கும். சின்னக்கல்லாறு மழையில் அந்தப் பவுச் காயவே காயாது. துடைத்தால் போகிற லேசான கறையை விட்டுவிட்டோம். துடைத்த பிறகு நகத்தில் சொரசொரப்பாகப் படுகிற அளவுக்கு அரித்திருந்ததை ஒதுக்கினோம். இனி மலை டியூட்டிக்குத் தோல் பவுச் கிடையாது, துப்பாக்கியில் மாட்டும் மேகசினிலோ கான்வாஸ் பவுச்சிலோதான் வைக்க வேண்டும் என்று ஆர்.ஐ. ஐயா உத்தரவு போட்டார். ஈரம் ஒரு பக்கம் என்றால் கரூர்ப் பக்கம் வெயில். சித்திரை வெயிலில் க.பரமத்தியில் நிற்கும் வண்டிக்குள் ரவுண்டை மறந்து வைத்தால் உள்ளே இருக்கும் வெடிமருந்து சீக்கிரம் கெடும். வெளியில் இருந்து பார்க்க அது புது ரவுண்டு மாதிரியே இருக்கும்.

நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனது கேஸின் வாயில் செருகியிருக்கும் குண்டான புல்லட்டைப் பார்க்கும்போதுதான். முக்கியப் பிரமுகர் ஒருவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் பி.எஸ்.ஓ. ஒருவர் தன் 9 எம்.எம். மேகசினைக் கொண்டுவந்தார். 13 ரவுண்டு, எண்ணிக்கை சரி. வரிசையாக நிற்க வைத்துத் தலைமேல் ஸ்கேலை வைத்தோம். 12 ரவுண்டு ஸ்கேலைத் தொட்டன. ஒன்று தொடவில்லை. புல்லட் கேஸுக்குள் இறங்கியிருந்தது, கண்ணுக்கே தெரிந்தது. இந்த வகை ரவுண்டின் மொத்த நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. மற்றவை எல்லாம் அதற்குச் சற்றுக் குறைவாக ஒரே மாதிரி நிற்க, வெர்னியரில் இது மட்டும் தனியாக விழுந்தது.

காரணம் கேட்டால் ஒன்றுமில்லை. அவர் காலையில் டியூட்டிக்குப் போகும்போது பிஸ்டலை ஏற்றுவார், ராத்திரி வந்ததும் இறக்குவார். இறக்கிய ரவுண்டைத் திரும்ப மேகசினின் மேலேயே வைப்பார். மறுநாளும் அதே ரவுண்டுதான் சேம்பருக்குப் போகும். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு அடித்துத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் புல்லட்டின் மூக்கு பேரல் வாய்ச் சரிவில் மோதும். வருஷக்கணக்கில் மோதினால் உள்ளே போகாமல் என்ன செய்யும்? மருந்து எரியும் இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். 9 எம்.எம். மாதிரிச் சின்ன கேஸில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். ஆபத்து வந்தால் முதலில் சுட வேண்டிய ரவுண்டு எதுவோ, அதுதான் மேகசினிலேயே கெட்டுப்போன ரவுண்டு. "தொழிற்சாலைல நல்லாத்தான் செஞ்சு அனுப்பறாங்க கண்ணு, நாமதான் கெடுக்கறோம்" என்றார் ஆர்மரர். நாங்கள் ஒதுக்கியதில் பெரும்பாலானவை அப்படிக் கைப்பழக்கத்தில் கெட்டவைதான்.

இப்போது பி.எஸ்.ஓ.க்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். சேம்பரில் இருந்து எடுத்த ரவுண்டின் அடிவிளிம்பில், பிரைமரில் படாமல், மார்க்கரால் சின்னக் கோடு போட வேண்டும். கோடு போட்ட ரவுண்டு மேகசினின் அடிக்குப் போகும். எல்லாவற்றிலும் கோடு விழுந்ததும் ஸ்டோருக்கு வரும்.

ரவுண்டு சேம்பரில் பொருந்துகிறதா என்பதை ஆர்மரர் மட்டுமே பார்த்தார். பிஸ்டலைப் பிரித்து, பேரலைத் தனியாக எடுத்து, அதில் ரவுண்டைப் போட வேண்டும். 'டக்' என்று தன் எடையிலேயே போய் உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். லேத் பட்டறையில் அளவு சரியா என்று கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்ப்போமே, அதே வேலையை இங்கே பேரலே செய்துவிடுகிறது. முழுத் துப்பாக்கியில் போட்டு ஸ்லைடை விட்டுப் பார்க்கும் வேலையெல்லாம் ஆகவே ஆகாது.

பழைய ஆட்கள் சிலர் பொள்ளாச்சித் தேங்காய் வாங்குகிற மாதிரி ரவுண்டைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வந்தால் மருந்து இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று கணக்கு. மருந்து இறுக்கமாக நிறைந்திருந்தாலும் சத்தம் வராதே! தராசில் நிறுத்துப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். 9 எம்.எம். ரவுண்டு மொத்தம் சுமார் 12 கிராம், அதில் மருந்து அரை கிராம்கூட வராது. பித்தளையிலும் ஈயத்திலும் ரவுண்டுக்கு ரவுண்டு வரும் எடை வித்தியாசத்தில் மருந்தின் குறை மறைந்துவிடும் என்று ஆர்மரர் சொன்னதும் சரி என்று விட்டுவிட்டேன். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வருடாந்திர ஃபயரிங்கில் அதைச் செய்தோம். ஒவ்வொரு வருஷக் குவியலில் இருந்தும் பார்வைக்கு நன்றாக இருந்த ரவுண்டுகளைச் சிலவாக எடுத்து, டியூட்டியில் இருக்கும் அதே துப்பாக்கி, அதே மேகசினில் போட்டுச் சுட்டோம். மேகசின்களுக்கு எண் எழுதி வைத்தது ஆர்மரரின் யோசனை. அது எவ்வளவு நல்ல யோசனை என்று அங்கே தெரிந்தது. ஒரு எஸ்.எல்.ஆர். திரும்பத் திரும்பச் சிக்கியது. "ரவுண்டு சரியில்லைங்கய்யா" என்று சுட்டவர் எழுந்துவிட்டார். அதே ரவுண்டுகளை வேறு மேகசினில் போட்டதும் சரசரவென்று ஓடின. அந்த மேகசினை வேறு துப்பாக்கியில் போட்டால் அங்கேயும் சிக்கல். மேகசினின் உதடு (ரவுண்டைப் பிடித்திருக்கும் மேல்விளிம்பு) வளைந்திருந்தது, ரவுண்டின் மேல் குற்றமில்லை. .303-ல் வரும் சிக்கலும் பாதி இப்படித்தான். மேல் ரவுண்டின் ரிம் (அடிவிளிம்பு) கீழ் ரவுண்டின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போனால் மாட்டிக்கொள்ளும்.

ஒரு ரவுண்டு வெடிக்கவே இல்லை. அப்போது செய்யக் கூடாதது, உடனே போல்ட்டைத் திறப்பது. தாமதமாக வெடிக்கும் ரவுண்டும் உண்டு. குழலை இலக்கு மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு 30 நொடி காத்திருந்து, அப்புறம் திறந்து எடுத்தோம். பிரைமரில் அடி ஆழமாக விழுந்திருந்தால் ரவுண்டைச் சந்தேகப்பட வேண்டும். மேலோட்டமாக விழுந்திருந்தால் துப்பாக்கியின் ஊசியையும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். எங்களுடையதில் ஆழமான அடி. அந்த வருஷக் குவியல் மொத்தத்தையும் டியூட்டியில் இருந்து எடுத்துவிட்டோம். இதைவிட மோசமானது 'பொத்'தென்று அமுங்கிய சத்தம் வருவது. புல்லட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். அப்படிச் சத்தம் வந்தால் கையைத் தூக்கிவிட்டு நிறுத்த வேண்டும் என்று ஃபயரிங் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். நல்லவேளை, வரவில்லை.

சுட்டு முடித்ததும் காலி கேஸ் பொறுக்கும் படலம். புல்லுக்குள் குனிந்து தேடும்போது பதவி வித்தியாசம் கிடையாது. இந்தத் தடவை எண்ணியதோடு விடாமல் கேஸ்களையும் பார்த்தோம். பிரைமர் ஓட்டையாகியிருக்கிறதா, கேஸ் பிளந்திருக்கிறதா என்று பார்த்தால் உள்ளே அழுத்தம் எப்படி இருந்தது என்று ஓரளவு தெரியும்.

கடைசி ரகளை காகிதத்தில். ஒதுக்கிய ரவுண்டுகளை என்ன செய்வது? "ஃபயரிங்ல சுட்டுத் தள்ளிப்போட்டா கணக்கு முடிஞ்சுதுல்ல" என்றார் எஸ்.எஸ்.ஐ. ஐயா. பழசானாலும் பழுதில்லாத ரவுண்டுகளுக்கு அது சரி, பழசை முதலில் பயிற்சிக்கு அனுப்புவதுதான் முறையும்கூட. ஆனால் புல்லட் இறங்கியதையும் கேஸ் விரிசல் விட்டதையும் யார் கையில் கொடுத்துச் சுடச் சொல்வது? பயிற்சியில் வெடித்தாலும் விரல் போனால் போனதுதான். இதில் ஆர்மரர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆர்.ஐ. ஐயா வந்து மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்: டியூட்டிக்கு, பயிற்சிக்கு, சுடவே கூடாதவை. மூன்றாவதைத் தனிப் பெட்டியில் வைத்து, சீல் போட்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் எதிரே காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அதைக் கழிக்க மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். பெட்டி இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது.

மாற்று ரவுண்டு கேட்டு எழுதிய கடிதம் ஒருமுறை திரும்பி வந்தது, காரணம் போதவில்லை என்று. வெர்னியர் அளவுகளை ஒரு தாளில் எழுதி இணைத்து அனுப்பியதும் அனுமதி கிடைத்தது. புதுப் பெட்டிகள் வந்து இறங்கியபோது எஸ்.எஸ்.ஐ. ஐயா யாரையும் கைவைக்க விடவில்லை. "இரும்மா, லாட் நம்பரை எழுதிக்கறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.