ஜே.ஜி. 62 செத்ததா? – முதன்மைத் தேர்வு, மூன்றாவது முயற்சி

முடிவு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பட்டியலில் என் எண்ணை மூன்று முறை விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். நான்காவது முறை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வேளாண் அறிவியலாளர் பணி முதன்மைத் தேர்வு, பாடம் பயிர் இனப்பெருக்கமும் மரபியலும். இரண்டு முறை விழுந்து, இம்முறை நேர்காணலுக்குத் தேறியிருக்கிறேன். இறுதிப் பட்டியலில் வருவேனா என்பது வேறு கதை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இரண்டு வருடங்களை நான் ஒரே ஒரு முட்டாள்தனத்தால் இழந்தேன்.

தேர்வு அமைப்பு, தகுதி, பாடத்திட்டம் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. தகுதித் தேர்வான நெட்டைத் தாண்டி வந்தவர்களுக்கு அது மனப்பாடம்.

இரண்டாவது முயற்சியில் பயறுவகைப் பயிர் ஒன்றை எடுத்துக்கொண்டு, மண்வழி நோய்க்கு எதிர்ப்புத்திறன் உருவாக்குவது பற்றி எழுத வேண்டிய ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. பார்த்ததும் சந்தோஷம். கொண்டைக்கடலை வாடல் நோயை எடுத்துக்கொண்டேன். ஃப்ளோரின் மரபணுவுக்கு மரபணு கோட்பாடு, வான்டர்பிளாங்கின் செங்குத்து எதிர்ப்பு, கிடைமட்ட எதிர்ப்பு, பின்கலப்பு (நல்ல ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலப்பது), மூலக்கூறு அடையாளங்கள் (வேண்டிய மரபணு இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. குறிகள்) என்று பேனா தானாக ஓடியது. வெளியே வந்து நண்பர்களிடம் அந்தக் கேள்வியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன்.

முடிவு வந்த பிறகு, அந்த விடையை நினைவிலிருந்து திரும்ப எழுதி, பயறு நோயியலில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். படித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “எல்லாம் சரி தம்பி, இதில் ஜே.ஜி. 62 செத்ததா இல்லையா?”

எனக்குப் புரியவில்லை. அவர் என் தாளில் கொண்டைக்கடலை என்று இருந்த இடங்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுக் கோதுமை என்று எழுதினார். துரு நோய் என்று சேர்த்தார். விடை அப்படியே பொருந்தியது. மண்ணைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜே.ஜி. 62 என்பது வாடல் நோய்க்கு எளிதில் பலியாகும் ரகம். சிக் பிளாட் என்று சொல்லப்படும், வேண்டுமென்றே நோயை வளர்த்து வைத்திருக்கும் வயலில், சோதிக்க வேண்டிய வரிசைகளுக்கு இடையிடையே அதை விதைப்பார்கள். இலை நோயென்றால் வித்துக்களைக் கரைத்துத் தெளித்துவிடலாம், எல்லாச் செடிக்கும் போய்ச் சேரும். மண்ணில் பூஞ்சாணம் ஓரிடத்தில் அடர்ந்தும் பத்தடி தள்ளி இல்லாமலும் இருக்கும். உங்கள் ரகம் பச்சையாக நிற்கிறது என்றால் அது எதிர்த்து நிற்கிறதா, அல்லது எதிரியே வரவில்லையா? பக்கத்து வரிசை ஜே.ஜி. 62 செத்திருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். அது உயிரோடு இருந்தால் அந்த இடத்துக் கணக்கையே தூக்கி எறிய வேண்டும். தப்பித்ததை எதிர்ப்புத்திறன் என்று நினைத்துத் தேர்வு செய்துவிட்டு, அடுத்த வருடம் அதே விதை கருகும்போது காரணம் தேடுவதில் பயனில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா என்னை வயலுக்கு அழைத்துப் போனார். கருமண், வெடிப்பு விட்டிருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் பச்சைக்கு நடுவே கோடு கிழித்து எரித்தது போல ஜே.ஜி. 62 வரிசைகள். சட்டைப் பையிலிருந்து ஒரு சவர பிளேடை எடுத்துக் கொடுத்தார்.

முதல் செடி தலை தொங்கியிருந்தது, இலைகளில் இன்னும் பச்சை இருந்தது. பிடுங்கியதும் ஆணிவேர் முழுசாக வந்தது. மேல்தோலில் ஒரு குறையும் இல்லை. நீளவாக்கில் பிளந்தேன். நடுவே, நீர் ஏறும் குழாய்கள் இருக்கும் இடத்தில், கறுப்புப் பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு. அது ஃபியூசேரியம் வாடல்.

இரண்டாவது செடி வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது. இழுத்தேன், பாதி வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. கைக்கு வந்த பாதியில் பக்கவேர் ஒன்றுகூட இல்லை, குச்சி போல உடைந்தது. பட்டையை உரித்தால் உள்ளே கரித்தூள் தூவியது போல நுண்ணிய புள்ளிகள். இது உலர் வேரழுகல். பூஞ்சாணம் ரைசோக்டோனியா பட்டாட்டிகோலா, அதாவது மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா. இரண்டும் ஒன்றே என்பதைத் தெரியாமல் நெட்டில் ஒரு கேள்வியை விட்டவன் நான்.

மூன்றாவது செடியில் கழுத்துப் பகுதியில் வெள்ளை நூலும் கடுகு போன்ற மணிகளும். கழுத்தழுகல், ஸ்கிளீரோஷியம் ரால்ஃப்சியை.

வரப்பிலிருந்து பார்த்தால் மூன்றும் காய்ந்த செடிதான். நான் காசு கொடுத்து வாங்கிய பயிற்சிக் குறிப்பு ஒன்றில் முதல் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பியிருந்தார்கள். அதை இரண்டு வருடம் மனப்பாடம் செய்தேன்.

அதனால் என் அறிவுரையில் முக்கால்வாசி இதுதான்: ஒரு முறையாவது வேரைப் பிளந்து பாருங்கள். கொண்டைக்கடலை கிடைக்காவிட்டால் உளுந்து, பாசிப்பயறு எதுவானாலும் சரி, வாடிய செடிதான் வேண்டும்.

பத்து மதிப்பெண் விடைக்கு இம்முறை நான் வைத்துக்கொண்ட வரிசை:

– எந்தப் பூஞ்சாணம், எந்த இனக்கூறு (அதே பூஞ்சாணத்துக்குள் இருக்கும் வகை), மண்ணில் எத்தனை காலம் கிடக்கும் (கொண்டைக்கடலை வாடல் பூஞ்சாணம் பயிரே இல்லாமலும் ஆறு வருடம் இருக்கும், பயிர்ச் சுழற்சி மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்)
– பயிரின் எந்த வயதில் தாக்கும், எந்த வெப்பத்தில்
– எப்படிச் சோதிப்பது, ஒப்பீட்டு ரகம் எது
– வாடிய செடிகளை எத்தனை முறை எண்ணுவது
– எதிர்ப்பின் மூலம்
– மரபுவழி
– அதற்குப் பிறகே இனப்பெருக்க முறை
– வெளிவந்த ரகம் ஒன்று, அல்லது இரண்டு

நான்காவது வரியை யாரும் எழுதுவதில்லை. விதைத்து ஒரு மாதத்துக்குள் சாகும் ரகங்கள் உண்டு, ஜே.ஜி. 62 அப்படி. பூக்கும் பருவம் வரை நன்றாக நின்று பிறகு வாடுபவையும் உண்டு, கே. 850 அப்படி. முப்பதாம் நாள் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனால் கே. 850 உங்களுக்கு எதிர்ப்பு ரகமாகத் தெரியும்.

இந்தத் தாமதத்துக்குள்தான் மரபியல் ஒளிந்திருக்கிறது. கொண்டைக்கடலை வாடல் பூஞ்சாணத்தின் முதல் இனக்கூறுக்கு எதிரான திறனை மூன்று மரபணுக்கள் ஆள்கின்றன. இரண்டு ஒடுங்கு தன்மை (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்), ஒன்று ஓங்கு தன்மை (ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்). ஒன்று மட்டும் இருந்தால் வாடுவது தள்ளிப்போகும். ஏதாவது இரண்டு சேர்ந்தால் முழு எதிர்ப்பு. ஆக, தாமதமாக வாடும் இரண்டு பெற்றோர் வெவ்வேறு ஒடுங்கு மரபணுவை வைத்திருந்தால், அவற்றைக் கலந்து இரண்டாம் தலைமுறையில் பதினாறில் ஒரு செடி வாடாமல் நிற்கும். நோயாளிகளான அப்பா அம்மாவுக்கு நோயில்லாத பிள்ளை! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. விடையில் கட்டம் போட்டுக் காட்டினேன். அந்த ஒரு கட்டம்தான் என்னைக் கரையேற்றியது என்று நம்புகிறேன். நிரூபிக்க வழியில்லை.

ரகங்களைப் பொறுத்தவரை என்னைப் போல நினைவாற்றல் குறைந்தவர்கள் குறைவாகப் படித்தாலே போதும். கொண்டைக்கடலை வாடலுக்கு டபிள்யூ.ஆர். 315 எதிர்ப்பின் மூலம் என்ற ஒரு நூலைப் பிடித்தால், மூலக்கூறு அடையாளங்களைப் பார்த்துச் செய்யும் பின்கலப்பில் வந்த சூப்பர் அன்னிகேரி 1, பூசா சிக்பீ மானவ் இரண்டும் கூடவே வரும். பொறி ஒன்று: பூசா சிக்பீ 10216 வறட்சிக்கானது, அதன் மூலம் ஐ.சி.சி. 4958. இரண்டு பூசாக்களையும் மாற்றி எழுதிய நண்பர்கள் எனக்கு உண்டு. துவரையில் வாடலுக்கு மாருதி, அதாவது ஐ.சி.பி. 8863, வாடலோடு மலட்டுத் தேமல் என்ற வைரஸ் நோயையும் தாங்கும் ஆஷா. துவரை வாடலை உண்டாக்குவது ஃபியூசேரியம் உடம், பெயர் வைத்தவர் பட்லர், 1910. தண்டில் அடியிலிருந்து மேலேறும் ஊதா நிறப் பட்டையைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

உலர் வேரழுகலுக்கு இப்படி அழகான கதை கிடையாது. உறுதியான எதிர்ப்பு மூலம் சிக்குவதில்லை, கிடைப்பதெல்லாம் மிதமான தாங்குதிறன். சூடும் ஈரக்குறைவும் சேர்ந்தால், பூவும் காயும் இருக்கும் நேரத்தில் அடிக்கும். வயலில் சோதிப்பது கடினம் என்பதால் நாற்றின் வேரைப் பூஞ்சாணக் கரைசலில் நனைத்து, ஈரத் தாளில் மடித்து, 35 டிகிரியில் வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. தாளில் தப்பித்தது வயலில் தப்பிக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் இந்தப் பகுதியில் “தீர்வு இன்னும் எட்டவில்லை” என்றே எழுதினேன். தெரியாததைத் தெரிந்தது போல முடிப்பதை விட அது நேர்மை.

ஃபிரெஞ்ச் பீன்ஸ் கேட்டால், பல பூஞ்சாணங்கள் ஒரே வேரில் கூட்டாகத் தாக்கும் என்பதும், ஒன்றுக்கு எதிர்ப்பு கொடுத்தால் மற்றது வந்து அமரும் என்பதும் போதும். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இன்னும் சில, வரிசை இல்லாமல்:

– விடியற்காலையில் எழுந்து படிக்கச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான் மூளை திறக்கும்.
– கூட்டாகப் படித்தது எனக்குப் பேச்சாகவே முடிந்தது.
– வாரம் ஒரு விடையைக் கையால் எழுதி, பயிரின் பெயரை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் பொருந்தினால் கிழித்துவிடுங்கள்.
– படம் வரையத் தெரியாவிட்டாலும் வேரின் நீள்வெட்டை வரையுங்கள். இரண்டு கோடு, நடுவே ஒரு கறுப்பு.

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கே தெரியாது. இந்தப் பருவத்துக்கான இரண்டாவது எண்ணிக்கை வியாழக்கிழமை, கட்டாயம் வர வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பழைய பிளேடு துருப்பிடித்துவிட்டது, போகும் வழியில் ஒன்று வாங்க வேண்டும்.