டெராஸ் கட்டையும் புயலில் விழுந்த பலாவும்: ஒரு தாழ்ந்த பெஞ்ச்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டின் பின்கட்டில், மாடிப்படிக்குக் கீழே ஏழடிக்கு ஐந்தடி இடம். அதில் தண்ணீர் மோட்டாரும் பழைய சைக்கிளும் போக மிஞ்சியதுதான் என் பட்டறை. நின்று வேலை பார்க்கிற மாதிரி மேசை போட்டால் படியில் தலை இடிக்கும். அதனால் உட்கார்ந்தே இழைக்கவும் அறுக்கவும் துளை போடவும் வசதியாகத் தாழ்ந்த பெஞ்ச் ஒன்று செய்வதென்று முடிவு. நீளம் ஐந்தடி, உயரம் பதினேழு அங்குலம். நம்மூர் ஆசாரிகள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சம்மணம் போட என் முட்டி சம்மதிக்காததால் நான் பதினேழு அங்குலம் மேலே வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

புது மரம் ஒரு துண்டுகூட வாங்கவில்லை. கால்களுக்கு இடித்த வீட்டின் கூரைத் தேக்கு, மேற்பலகைக்கு, 2011-இல் வந்த ‘தானே’ என்ற புயலில் விழுந்த பலா.

மே: கட்டை வாங்கியது

புதுச்சேரியின் பழைய வீடுகளில், பிரெஞ்சுப் பகுதியானாலும் தமிழர் பகுதியானாலும், மெட்ராஸ் டெராஸ் கூரைதான் அதிகம். பெரிய விட்டங்களின் மேல் சின்னக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் மெல்லிய செங்கல்லை நிமிர்த்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கிய தளம். பாரம் முழுக்க மரத்தின் மேல்தான். வசதியானவர்கள் ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கைப் போட்டார்கள். இப்போது அந்த வீடுகள் இடிபடும்போது கட்டைகள் பழைய மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

இந்தக் கூரைக்கு எமன் மழைத் தண்ணீர். தளத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கிற கட்டை நுனி முதலில் மக்கும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய நகராட்சிக் கட்டடமான ‘மேரி’யே இடிந்து விழுந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதனால் கடையில் கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து மயங்காமல் இரண்டு நுனியையும் முதலில் குத்திப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் எவ்வளவு தூரம் மெத்தென்று இறங்குகிறதோ அவ்வளவும் கழிவு.

விலை கன அடிக் கணக்கு. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அதை அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். மூன்றுக்கு நாலு அங்குலம், ஒன்பதடிக் கட்டை என்றால் முக்கால் கன அடி. நான் வாங்கியது அப்படி நாலு கட்டை. நுனிகளில் அரையடி அரையடி வெட்டி, சுண்ணாம்பும் பெயின்டும் போக இழைத்தால் 2¾-க்கு 3½, எட்டடிதான் நிற்கும். அதாவது 0.53 கன அடி. முக்காலுக்குக் காசு கொடுத்து அரைக்குச் சற்று மேலே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இந்தக் கழிவைக் கணக்கில் வைத்துத்தான் பேரம் பேசினேன். கடைக்காரருக்கும் இது தெரியும், அவராகச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, கடைக்காரர்கள் வாயில் எந்தத் தேக்கும் பர்மாத் தேக்குதான். கணு இல்லாமல், வளையங்கள் நெருக்கமாக, ரேகை நேராக ஓடினால் எனக்குப் போதும். பூர்வீகம் விசாரிக்க நான் பெண் பார்க்கவா போனேன்?

ஜூன், ஜூலை: சுத்தம் செய்தது

பழைய மரத்தில் பாதி வேலை இதுதான். வீடியோக்களில் இந்தப் பகுதியை அரை நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள்.

முதலில் ஆணி. டெராஸ் கட்டையில் பெரிய ஆணி அதிகம் இருக்காது, செங்கல் சுண்ணாம்பின் பிடிப்பிலேயே நிற்கிறது. வில்லங்கமெல்லாம் பிற்பாடு மின்சாரம் வந்தபோது கம்பி ஓட்ட அடித்த சின்னச் சின்ன ஆணிகளில்தான். தலை துருப்பிடித்து உதிர்ந்து, உடம்பு மட்டும் மரத்துக்குள் இருக்கும். மேலே பெயின்ட் மூடியிருக்கும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, கட்டையை ஒட்டித் தொங்கவிட்டபடி மெதுவாக நகர்த்தினேன். எங்கே நூல் சாய்கிறதோ அங்கே சாக்பீஸ் குறி. தலை உள்ள ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால் உள்பக்கமாக ஒரு தட்டு தட்டினால் துருவின் பிடி விட்டுக்கொடுக்கும், அப்புறம் சுலபமாக வரும். தலை போனவற்றைச் சுற்றி மெல்லிய உளியால் தோண்டி, குறடு நுழைய வழி செய்து இழுத்தேன். ஆணி இருந்த இடமெல்லாம் மரம் கறுத்திருக்கும். ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலைத் தடவினால் கறுப்பு வெளிறும் என்றாலும், பட்டறைப் பெஞ்சுக்கு எதற்கு அந்த அலங்காரம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது பெயின்ட். கட்டையின் அடிமுகத்தில் பச்சை, அதன் கீழ் நீலம், அதற்கும் கீழ் ஒரு மங்கிய மஞ்சள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் நேராக மூக்குக்குள் போகும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. நான் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பட்டைக் கத்தியால் சுரண்டி, சுரண்டியதைப் பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்துக் கட்டி அப்புறப்படுத்தினேன். முகக்கவசம் இல்லாமல் தொடவில்லை.

கடைசியில் சுண்ணாம்பு. கம்பி பிரஷ்ஷும் ஒரு மழுங்கிய உளியும் போதும். சுண்ணாம்பு ஒட்டியிருக்கிற முகத்தில் நல்ல இழைப்புளியை வைக்கவே கூடாது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். சுண்ணாம்பில் கிடக்கும் மணலும் சேர்ந்தால் சாணைக்கல்லோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

சுண்ணாம்பை எடுத்ததும் அந்த மேல்முகத்தில் தெரிந்ததைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டேன். செங்கல் வரிசை பதிந்திருந்த இடமெல்லாம் மரத்தில் சாய்வான கோடுகள். கலவை நின்ற இடம் வெளிர் சாம்பல், கல் நின்ற இடம் கரும் பழுப்பு, ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக, கட்டை நெடுக ஒரே சாய்வில். எந்தக் கொத்தனாரோ கண்ணளவில் பிடித்த சாய்வு. அந்த முகத்தை இழைக்க மனசு வரவில்லை. காலின் உள்பக்கமாகத் திருப்பி வைக்கலாம் என்று அப்படியே விட்டேன். மற்ற மூன்று முகங்களிலும் தேக்கு பொன்னிறமாக வந்தது. இழைக்கும்போது பதப்படுத்திய தோல் போன்ற அந்த எண்ணெய் வாசனை தெருவரை போயிருக்க வேண்டும், எங்கள் தெரு ஆசாரி ஐயா வந்து நின்றதே அதனால்தான்.

ஆகஸ்ட்: பலா

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சித்தப்பா தோப்பில் விழுந்த மரங்களில் ஒன்றை மட்டும் விறகுக்குக் கொடுக்காமல் பலகையாக அறுத்து மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டிருந்தார். "எடுத்துட்டுப் போப்பா, மேல கெடந்து உளுத்துதான் போவுது" என்றார்.

உளுத்தது வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம் மட்டும்தான். விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. வைரமேறிய நடுமரத்தில் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. பதினோரு அங்குல அகலத்தில் வெளிறை நீக்க ஒன்பதாயிற்று. அப்புறம் சில நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு, கீழே புதிதாகத் தூள் கொட்டுகிறதா என்று பார்த்தேன். கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். கொட்டவில்லை.

வெளியே சாம்பல் பூத்துக் கிடந்த பலகையில் இழைப்புளி ஓட ஓட மஞ்சள் வந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இந்த மரத்தைத்தான் எடுக்கிறார்கள். கொட்டாப்புளியால் தட்டினால் ஒரு நாதம் இருக்கத்தான் செய்கிறது. கனம் இரண்டேகால் அங்குலம் நின்றது, பெஞ்சுக்கு அது தாராளம். மஞ்சள் நாளாக நாளாகப் பழுப்பேறும்.

செப்டம்பர்: கால் கோத்தது

நாலு காலும் ஒரே கட்டையில் வந்துவிட்டன. காலின் தலையைச் செதுக்கி ஒன்றரை அங்குலச் சதுர நாக்கு எடுத்து, பலகையின் துளையில் செருகி, மேலேயிருந்து ஆப்பு அடிக்கிற முறை. கால்கள் பன்னிரண்டு டிகிரி வெளியே சாய்ந்தால்தான் இழைக்கும்போது பெஞ்ச் ஆடாது. சாய்மட்டத்தில் கோணத்தைப் பூட்டி, டிரில்லால் துளையிட்டு, மிச்சத்தை இரண்டு பக்கமிருந்தும் உளியால் எடுத்தேன். ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் சிராய் பெயர்ந்து வரும்.

ஆப்புக்குச் சாரம் கட்டிய பழைய சவுக்குக் கட்டை. கெட்டியான மரம், நேராகவும் பிளக்கும். ஆசாரி ஐயா திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"தம்பி, ஆப்பு எப்பிடி நிக்கணும்?"

"பலகை ரேகைக்குக் குறுக்கங்க ஐயா."

"ஏன்?"

"குறுக்க நின்னா ரேகை ஓடுற பக்கமா நெட்டும், பலகை தாங்கும். ரேகையோட நின்னா பலகை பொளந்துக்கும்."

"சரி, அடி. சத்தம் மாறும், அப்ப நிறுத்திடு."

மாறியது. பொத்பொத்தென்று இருந்தது கணீரென்று ஆனதும் நிறுத்தினேன். அதற்கு மேல் அடித்தால் ஆப்பு இறங்காது, பலகைதான் வாய் பிளக்கும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால் நாக்கைத் தின்னரில் துடைத்து, அது காய்ந்த கையோடு ஃபெவிகால் தடவித்தான் செருகினேன். துடைக்காமல் தடவினால் பசை சரியாகப் பிடிக்காது. பலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தரையில் வைத்தால் ஒரு கால் தூக்கியது. நாலு கால் சாமான் எதுவும் முதலில் அப்படித்தான். சமமான கடப்பாக்கல்லின் மேல் நிறுத்தி, தூக்கிய காலுக்கு அட்டை கொடுத்து, ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலை வைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டில் அறுத்தேன். இப்போது ஆட்டம் இல்லை.

இப்போது

பாலிஷ் போடவில்லை, வழுக்கும். லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் கலந்து ஒரு கை தடவியதோடு சரி. அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும்.

பலகையில் முக்கால் அங்குல ஓட்டைகள் போட்டு, கழிவுத் தேக்கில் முளைகள் சீவிச் செருகியிருக்கிறேன். இழைக்க வேண்டிய கட்டையை முளையில் முட்டக் கொடுத்து, பெஞ்சின் மேல் குதிரையேறி உட்கார்ந்தால் உடம்பு எடையே பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தொல்லை தருவது மரம் இல்லை, இரும்பு. கடற்காற்றில் இழைப்புளி ஓரிரவில் செம்பொட்டு வைத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் பிசுபிசுப்பாகிறது, தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை.

மீதி மூன்று கட்டைகளில் கருவிகள் வைக்கச் சுவர் அலமாரி. நாலடி அகலம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு கட்டைகளில் மின்விசிறிக் கொக்கி போட்ட ஓட்டையும் அதையொட்டி நீள வெடிப்பும் நட்டநடுவில் இருக்கின்றன. அதை வெட்டி எடுத்தால் இருபுறமும் மூன்றரை அடித் துண்டு தேறும். ஆகவே அலமாரி மூன்றரை அடி.