லோடர் பக்கெட்டில் மூன்று கொக்கி ஏறியாச்சு, மட்கார்டில் கருவித் தாங்கி பாதியில்

45 குதிரைத்திறன் டிராக்டரின் முன் லோடர் பக்கெட்டில் மூன்று கொக்கிகளும் உட்கார்ந்துவிட்டன. பச்சைத் தென்னந்துண்டுகளைச் சங்கிலியில் கட்டித் தூக்கி வரப்பு தாண்டிக் கொண்டுபோன பிறகும் வெல்டில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. பக்கெட் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. இந்த வேலையில் பெருமைப்பட வேண்டியது கொக்கிக்காக அல்ல, அதன் அடியில் இருக்கும் தகட்டுக்காக.

பக்கெட்டோடு முன்பு வந்த பழைய கொக்கி பிய்ந்து வந்ததைப் பார்த்தாலே காரணம் புரியும். வெல்டு அறவில்லை. வெல்டைச் சுற்றியிருந்த விளிம்புத் தகடுதான் கொக்கியோடு சேர்ந்து கிழிந்து வந்திருந்தது. கணக்கும் அதையே சொல்கிறது. 6 மி.மீ. கால் (முக்கோண வெல்டின் பக்க அளவு) உள்ள வெல்டுக்குத் தொண்டை, அதாவது சுமை தாங்கும் குறுக்குத் தடிமன், 4.2 மி.மீ. கொக்கியின் இரு பக்கமும் 100 மி.மீ. வீதம் அடித்தால் மொத்தம் 200 மி.மீ. நீளம். சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் என்று அடக்கமாக வைத்தாலும் எட்டரை டன் தாங்கும். கொக்கியோ 2 டன். ஆனால் பக்கெட்டின் மேல் விளிம்பு 5 மி.மீ. தகட்டை மடித்தது. இழுவை கொஞ்சம் சாய்ந்தாலும் கொக்கியின் அடி நெம்புகோலாகி, வெல்டின் ஓரத்தில் அந்தத் தகட்டை உரிக்கும். வெல்டிங் ராடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

அதனால் ஒவ்வொரு கொக்கிக்கும் 150 × 100 × 12 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகடு. ஒன்று கிட்டத்தட்ட 1.4 கிலோ. நான்கு மூலையையும் 20 மி.மீ. ஆரத்துக்கு வட்டமாகத் தேய்த்துவிட வேண்டும். கூர்மூலையை அப்படியே விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இடம் முக்கியம். இரண்டு கிராப் கொக்கிகள் (சங்கிலிக் கண்ணியைக் கவ்விப் பிடிப்பவை) லோடர் கைகளுக்கு நேர் மேலே. சுமை நேராகக் கைக்கும் அதன் மூட்டுப் பின்னுக்கும் (pin) இறங்கும். நடுவில் ஒன்று, பூட்டு நாக்கு உள்ளது, நைலான் பெல்ட் மாட்ட. நடுக்கொக்கிக்கு இங்கே வைத்த வரம்பு 300 கிலோ. விளிம்பின் நடுவில் கனம் தொங்கினால் பக்கெட்டின் மேல்வாய் வில்லாக வளையும், பிறகு எதைச் செய்தாலும் நிமிராது. கீழே மண் வெட்டும் பிளேடில் கொக்கி ஒட்டவே கூடாது. அது கடினப்படுத்திய எஃகு. வெல்டின் ஓரத்தில் கண்ணாடி போல விரியும்.

கொக்கி வாங்கும்போது "வெல்டு செய்கிற கொக்கி" என்று அழுத்திக் கேட்கவும். செயின் பிளாக் விற்கும் கடைகளில் கிடைக்கும். சங்கிலியில் மாட்டுகிற கண் உள்ள கொக்கியை வாங்கி வந்து ஒட்டினால், சூட்டில் அதன் பதம் போய்விடும். மேலே சுமை எண் பொறிக்காத கொக்கியை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். 20 மி.மீ. டி.எம்.டி. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொக்கியாக்குவது ஊருக்கு ஊர் நடக்கிறது. அந்தக் கம்பியின் பலமே தண்ணீரில் இறுக்கிய வெளித்தோலில் இருக்கிறது. காய்ச்சினால் அந்தத் தோல் இளகிவிடும், சுமையில் கொக்கி மெதுவாக விரிந்து திறக்கும். லாரிக் கமான் பட்டையும் வேண்டாம். அது வில் எஃகு, சாதாரண ராடில் ஒட்டினால் ஆறும்போதே விரிசல் விடும்.

இனி வெல்டிங். மொத்த வேலையில் நேரம் தின்றதும் இதுதான், தின்ன வேண்டியதும் இதுதான்.

பட்டறைகளில் கைக்கு வரும் 6013 என்ற வகை ராடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி. தூக்குகிற கொக்கிக்கு 7018தான். 7018க்கு ஈரம் ஆகாது. பூச்சு ஈரம் குடித்தால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் இறங்கி, அடித்த அன்று தெரியாமல் மறுநாள் விரிசல் காட்டும். பாக்கெட் உடைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மீந்ததைத் திரும்பப் பயன்படுத்த, பெட்டியில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 300 டிகிரியை ஒட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வறுத்தெடுக்க வேண்டும். ராடு வறுக்கும் ஓவன் இல்லாதவர்கள் சிறிய பாக்கெட்டாக வாங்குவதே மேல். மூன்று கொக்கிக்கும் தகடுகளுக்கும் சேர்த்து ஒரு சிறிய பாக்கெட் போதும்.

3.15 மி.மீ. ராடு, டி.சி., ராடு பாசிட்டிவில், 120 ஆம்பியரைச் சுற்றி. ஆர்க்கை ராடின் தடிமனுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே புழு துளைத்த மாதிரி ஓட்டைகள். ராடு நின்றதும் நுனியில் கண்ணாடி மாதிரி கசடு மூடும். அதைத் தரையில் தட்டி உடைக்காமல் திரும்பப் பற்றவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிடிக்காது. "7018 சரியில்லை" என்ற புலம்பலில் பாதி இந்தக் கசடால் வருவது. மீதிப் பாதி மின்சாரத்தால். 60 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்து இன்வெர்ட்டர் மிஷினை ஓட்டினால் மின்னழுத்தம் தொய்ந்து ஆர்க் செத்துச் செத்துப் பிழைக்கும். 4 சதுர மி.மீ. ஒயர் போட்டதும் அதே மிஷின் வேறு மிஷின் போல வேலை செய்கிறது.

முதலில் கொக்கியை மேசைமேல் தகட்டோடு ஒட்ட வேண்டும், பக்கெட்டில் வைத்து அல்ல. கொக்கியின் அடியை இரு பக்கமும் 45 டிகிரி சாய்த்துத் தேய்த்து, நடுவில் 3 மி.மீ. மூக்கு (சாய்க்காமல் விடும் தட்டையான பகுதி) விட வேண்டும். கொக்கியோடு வந்த தாளில் முன்சூடு சொல்லியிருந்தால் அதுவே சட்டம். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட அடித்து உருவாக்கிய அலாய் கொக்கிக்கு 150 முதல் 200 டிகிரி. கேஸ் பர்னரால் கொக்கி, தகடு இரண்டையும் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைத் தேய்த்துப் பளபளக்கும் இடத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும். கருத்த செதில் இருக்கும் இடத்தில் காட்டவும். இது தெரியாமல் 250 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடுவது சுலபம்.

அடியில் ஒரு பாஸ் (ஒரு முறை ஓட்டும் வெல்டு வரி), கசடைத் தட்டி ஒயர் பிரஷ், அதன் மேல் பக்கத்துக்கு இரண்டு பாஸ். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றி அடித்தால் கொக்கி சாயாது. முடிந்ததும் காய்ந்த அடுப்புச் சாம்பலில் புதைத்துவிட வேண்டும். கையால் தொடுகிற சூட்டுக்கு அது தானாக வர ராத்திரி முழுக்க ஆகலாம், ஆகட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் முன்சூடு செய்ததற்கே அர்த்தமில்லை.

பக்கெட்டில் ஏற்றும் முன் பேட்டரி இரண்டு முனையும் கழற்றி, ஆல்டர்னேட்டர் ஒயரும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப் பக்கெட்டிலேயே, வெல்டுக்குப் பக்கத்தில். டிராக்டர் சேஸியில் மாட்டினால் கரண்ட் பின், புஷ், சிலிண்டர் வழியாகப் போய் அவற்றைக் கொத்திவிடும். ஹைட்ராலிக் ஹோஸ் மேல் தீப்பொறி விழாமல் ஈரச் சாக்கு. பெயிண்டையும் எண்ணெய்க் கறையையும் தகடு உட்காரும் இடத்தைவிட 25 மி.மீ. கூடுதலாகத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். விளிம்பு மூடிய பெட்டியாக இருந்தால் அடிப்பக்கம் 6 மி.மீ. துளை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெல்டின் கடைசிப் பொட்டை ஊதித் தள்ளும்.

தகட்டைச் சுற்றி 40 மி.மீ. துண்டு துண்டாக, எதிரெதிர் மூலையாக மாற்றி அடிப்பது விளிம்பு வளையாமல் காக்கிறது. மூலையில் ராடை நிறுத்தக் கூடாது. மூலையைச் சுற்றிக் கடந்து நேர்ப்பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். சுற்று முழுவதும் மூட வேண்டும், இடைவெளி விட்டால் மழைநீர் புகுந்து உள்ளிருந்து துரு தின்னும்.

சோதனைக்கு டை பெனட்ரன்ட் மூன்று டப்பா: கழுவி, சிவப்பு அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும். வெல்டு அடித்த உடனே அல்ல, மறுநாள் செய்ய வேண்டும். அதற்கு முன் பெயிண்ட் கூடாது. கொக்கி வாயின் இரு முனையிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்து, வெர்னியரில் அளந்து குறித்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம். 5 சதவீதம் விரிந்தால் கொக்கியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

சங்கிலி கிரேடு 80, 8 மி.மீ.; 2 டன் சுமை, மீட்டருக்கு 1.4 கிலோ. 25 செ.மீ. தடிமன், 4 மீட்டர் நீளத் தென்னந்துண்டு தண்ணீர் கனம் என்று வைத்தால் 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சங்கிலிக்கு இது ஒன்றுமில்லை. முன் அச்சுக்கும் பின் சக்கரப் பிடிப்புக்கும்தான் சுமை. லோடர் தகட்டில் போட்டிருக்கும் எடை பக்கெட்டின் மூட்டுப் பின் இருக்கும் இடத்துக்கானது, கொக்கி அதற்கும் முன்னால் தள்ளி இருப்பதால் கிடைப்பது குறைவு. பின்னால் எதிர் எடை இல்லாமல் தூக்க வேண்டாம். பின்பக்கம் எதை இழுத்தாலும் டிராபாரில் (தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும். டாப் லிங்க் (மேல் இணைப்புக் கம்பி) இடத்தில் கொக்கி போட்டு மரம் இழுத்தால் டிராக்டர் பின்னால் கவிழும்.

கருவித் தாங்கி பாதி நிற்கிறது. 40 × 40 × 3 மி.மீ. சதுரப் பைப் சட்டம் தயார். பாதுகாப்புக் கம்பத்தில் துளையோ வெல்டோ கூடாது, கவிழும்போது உயிர் காப்பது அது. அதனால் அதைச் சுற்றி 12 மி.மீ. யூ-போல்ட், நடுவில் ரப்பர் பட்டை, நைலாக் நட்டு (அதிர்வில் தளராத நைலான் வளைய நட்டு). இன்னொரு பிடி மட்கார்டில்: அதன் தகடு மெலிசு, அதிர்வில் துளையைச் சுற்றி விரியும், அதனால் மேலும் கீழும் 5 மி.மீ. பட்டை. டயர் பக்கம் வழவழப்பான குமிழ்த் தலை வரும்படி போல்ட்டைக் கீழிருந்து ஏற்றினால் சேறு சிக்காது. 8.8 தர எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

25 மி.மீ. கடப்பாரை ஒன்றரை மீட்டர் என்றால் ஆறு கிலோவை ஒட்டி வரும். அதற்கு 50 மி.மீ. பி.வி.சி. பைப் செங்குத்தாக, அடியில் பழைய டியூப் ரப்பர், தண்ணீர் வடியத் துளை. மரம் அறுக்கும் மிஷினின் பிளேடுக்கு, இடையில் 10 மி.மீ. விட்டு இரண்டு 18 மி.மீ. பிளைவுட். மண்வெட்டி மாட்டும் பிடி இன்னும் முடிவாகவில்லை. எங்கே வைத்தாலும் பின் விளக்கை மறைக்கிறது. மட்கார்டின் உள்பக்கம் வைத்தால் ஹைட்ராலிக் லீவருக்குக் கை போகாது.

அதற்குள் அடுத்த வேலைக்கு இரும்பு எடுத்தாயிற்று. பின்னால் மூன்று முனை இணைப்பில் ஒரு சுமைத் தட்டு, லோடருக்கு எதிர் எடையாகவும் அதுவே இருக்கும். இணைப்பின் அளவு வகை கேட்டகரி 2: கீழ்ப் பின் 28 மி.மீ., டாப் லிங்க் பின் 25 மி.மீ., கீழ் முனைகளுக்கு இடையே 825 மி.மீ., கம்ப உயரம் 610 மி.மீ. 75 × 40 சேனல் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நேரான துண்டாகக் கிடைக்கிறது, ஆனால் நீளத்தை நூல் பிடித்துப் பார்த்து எடுக்க வேண்டும். பின்களைப் பழையதில் எடுக்காமல் புதிதாக வாங்குவதே சரி, பின் கழன்றுவிடாமல் பூட்டும் லிஞ்ச் பின் கூடுதலாக நான்கு.