1,700 ரூபாயும் இரண்டு தேர்தலும்: பொகவந்தலாவையில் 2024

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற பொகவந்தலாவை பஸாரில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஐ.டி. போட்டோ, படிவம் நிரப்புவது, கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பது. நாட்டில் எது நடந்தாலும் கொஞ்ச நாளில் அது ஒரு தாளாக என் மேசைக்கு வந்துவிடும். 2024ஐப் பற்றிக் கொழும்பிலிருந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மலையிலிருந்து பார்த்தபோது எப்படி இருந்தது என்று நானும் எழுதி வைக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அந்த வருடம் எங்கள் தோட்டத்துச் சனம் தொழிற்சங்கம் சொன்ன இடத்தில் வாக்குப் போடவில்லை, தானே யோசித்துப் போட்டது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

வருடம் விலையேற்றத்தோடுதான் பிறந்தது. ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 2022இல் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்ததும், 2023இல் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் தர ஒத்துக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒப்பந்தத்துக்காக அரசாங்கம் வருமானத்தைக் கூட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அது கோதுமை மாவிலும் பிள்ளைகளின் கொப்பியிலும்தான் வந்து விழுந்தது.

பெப்ரவரியில், கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிற அஸ்வெசும திட்டத்தின் இரண்டாம் கட்ட விண்ணப்பம். கடை முழுக்க ஆட்கள். அந்தப் படிவம் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் என்று நினைத்துப் போட்ட படிவம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அப்படியா இருக்கிறது? ஒரே காம்பராவில் மாமியார், மகன், மருமகள், பிள்ளைகள், சில இடத்தில் கல்யாணம் கட்டிய இன்னொரு மகனும். மின்சாரப் பாவனையைக் கேட்கிறார்கள், ஒரே மீட்டரில் இரண்டு மூன்று வீட்டுக்கு லைட் எரிகிறது. வீட்டு விலாசம் கேட்கிறார்கள், தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் தவிர எழுத வேறொன்றும் இல்லை. உண்மையாகவே கஷ்டப்படுகிற எத்தனையோ பேரின் கஷ்டம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அந்தப் படிவங்களை நிரப்பும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் மே முதலாம் திகதி. கொட்டகலையில் தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) மே தின மேடையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, தோட்டத் தொழிலாளர்களுக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய், வர்த்தமானி வந்துவிட்டது என்று அறிவித்தார். அடிப்படைச் சம்பளம் 1,350, உற்பத்திக் கொடுப்பனவு 350. 2021இலிருந்து 1,000 ரூபாய்தான். இடையில் 2022 வந்து அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது. அதனால் 1,700 என்ற சத்தம் லயம் லயமாகப் போனது. அடுத்த சில நாட்கள் வர்த்தமானியைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த ஒரு அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "பிள்ள, இது மெய்தானே?" என்று கேட்டார். "வர்த்தமானிங்கிறது சட்டம்தான் பாட்டி" என்றேன்.

தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கட்டுப்படியாகாது, தேயிலை விலை இப்படி, உற்பத்திச் செலவு அப்படி என்று கம்பனிகள் கணக்குச் சொன்னார்கள். கணக்கு அவர்களிடம் இருக்கலாம். ஆனால் என் அம்மாவின் சம்பளத் துண்டில் இருக்கிற கணக்கையும் யாராவது பார்க்க வேண்டும். அவர் கல்யாணத்துக்கு முன்னமே மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகத் தொடங்கியவர். அவருடைய தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். மழை நாளிலும் வரட்சியிலும் கொழுந்து இருக்காது, அப்போது அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) 8 வீதம், சங்கச் சந்தா, கோயில் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று ஒவ்வொன்றாகக் கழித்து மிச்சம் கைக்கு வரும். நாட்சம்பளம் எவ்வளவு என்று டிவியில் சொல்கிறவர்கள், மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, அதில் எத்தனை அரைப்பேர் என்று ஒருநாளும் கேட்பதில்லை. சம்பளத்தைக் கூட்டிவிட்டு வேலை நாளைக் குறைத்தால் அது கூடிய சம்பளமா?

கடைசியில் செப்டெம்பரில், தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னம், 1,350 என்று முடிந்தது. அந்த 350 போய்விட்டது. கூடுதலாகப் பறிக்கிற கிலோவுக்கு 50 ரூபாய் என்றார்கள். 350 ரூபாய் கூடியது உண்மை, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மே மாதம் ஜனாதிபதி மேடையிலேயே சொன்ன எண் செப்டெம்பரில் வேறொன்றானதை இங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21. வாக்குச் சீட்டில் 39 பெயர். அதில் எங்கள் முன்னாள் நுவரெலியா மாவட்ட எம்.பி. திலகராஜ் அவர்களும் ஒருவர். மலையகத்தின் குரலாக ஒருவர் ஜனாதிபதி வேட்பாளர் வரிசையில் நின்றதை நான் மதிக்கிறேன், வாக்கு எவ்வளவு விழுந்தது என்பது வேறு விஷயம். இ.தொ.கா. ரணிலின் கேஸ் சிலிண்டர் சின்னத்துக்கு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவின் டெலிபோன் சின்னத்துக்கு. தோட்டத் தலைவர்மார் வழக்கம்போல வீடு வீடாக வந்தார்கள். வழக்கம்போல இல்லாமல் போனது வேறொன்று. கொழும்பில் வெள்ளவத்தை, புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பையன்களும் பிள்ளைகளும் ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் தாய் தகப்பனுக்குப் போனில் வீடியோ காட்டினார்கள், வாதம் பண்ணினார்கள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று ராத்திரி முழுக்கச் சத்தம். முன்பெல்லாம் இப்படிக் கேட்டதே இல்லை.

கடைக்கு வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வி, புள்ளடி போடுவதா 1, 2, 3 என்று போடுவதா என்பது. இரண்டாவது, மூன்றாவது ஆளையும் காட்டுகிற விருப்பத்தெரிவு என்பது சட்டத்தில் எப்போதும் இருந்ததுதான், யாரும் கவனித்ததில்லை. ஒருவருக்குப் புள்ளடி போட்டாலும் சரி, 1 போட்டு மற்றவர்களுக்கு 2, 3 போட்டாலும் சரி, புள்ளடியோடு எண்ணையும் கலக்காதீர்கள் என்று வெள்ளைத் தாளில் கட்டம் கீறிக் காட்டினேன். நாடு முழுக்க 3 லட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன என்று பிறகு கேட்டபோது மனம் நொந்தது. வாக்குரிமைக்காக இத்தனை காலம் காத்திருந்த சனத்தில் ஒருத்தருடைய வாக்குக்கூட வீணாகக்கூடாது.

காத்திருந்த கதை இதுதான். 1947 தேர்தலில், இந்தியாவிலிருந்து வந்த பரம்பரையான எங்கள் ஆட்களின் கட்சி, இலங்கை இந்தியக் காங்கிரஸ், 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது, வாக்குரிமையும் பின்னாலேயே போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். என் பெரியப்பாவின் தம்பி அந்தக் கணக்கில்தான் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போனார். மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது.

செப்டெம்பர் 21 இரவு ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் பகல் வரை யாரும் வெளியே போகவில்லை, எல்லார் வீட்டிலும் டிவி. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் 32.76. யாருக்கும் பாதி தாண்டவில்லை என்பதால் வரலாற்றிலேயே முதல் தடவையாக விருப்பத்தெரிவு வாக்கை எண்ணினார்கள். 2019இல் 3 வீதம் எடுத்த மனிதர் ஜனாதிபதியானார். எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் முன்னுக்கு நின்றது சஜித். அதை வைத்து, மலையகம் மாறவில்லை, பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. தோட்டத்துக்குள் நடந்த பேச்சு அவர்களுக்குக் கேட்கவில்லை.

பெரியப்பா மட்டும் அநுரவின் ஜே.வி.பி.யை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் இ.தொ.கா.வின் சேவல் கொடி பிடித்தே வளர்ந்தவர், அதன் பழைய தலைவர் தொண்டமான் ஐயா காலத்து ஆள். "இவங்க ஆரம்பத்துல அஞ்சு வகுப்பு எடுத்தாங்களே, அதுல ஒண்ணு இந்திய விஸ்தரிப்புவாதம். நம்மளத்தான் சொன்னாங்க. மறந்துட்டியா?" என்றார். ஜே.வி.பி. ஆரம்பத்தில் தன் ஆட்களுக்கு எடுத்த அரசியல் வகுப்புகளைத்தான் சொன்னார். நான் பிறக்கவே இல்லாத காலம், ஆனாலும் அவர் சொல்வது வரலாறு. ஜே.வி.பி. அதை இன்னும் நேராக நின்று பேச வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஜே.வி.பி. முன்னின்று நடத்துகிற தேசிய மக்கள் சக்தி 2023 ஒக்டோபரில் ஹட்டனில் ஒரு பிரகடனம் வெளியிட்டது, காணி, வீடு, சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுதுறது லேசு" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

தீபாவளி ஒக்டோபர் 31, பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14. முற்பணம் வாங்கிய கையோடு வாக்குப் போடப் போனோம். நாடு முழுக்க தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 159 ஆசனம். நுவரெலியாவில் 8 ஆசனத்தில் 5 திசைகாட்டிக்கு, 2 டெலிபோனுக்கு, இ.தொ.கா. நின்ற யானைச் சின்னத்துக்கு 1. பழைய தலைவர்களான திகாம்பரம், இராதாகிருஷ்ணன், ஜீவன் தொண்டமான் மூவரும் தப்பினார்கள், ஆனால் தங்களுடையது என்று அவர்கள் நினைத்திருந்த வாக்கு வேறு பக்கம் போய்விட்டது. சங்கத்தை வேண்டாம் என்று சனம் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சந்தா இன்னும் கட்டுகிறோம், பிரச்சினை வந்தால் தலைவரிடம்தான் ஓடுகிறோம். சந்தா வேறு, வாக்கு வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

திசைகாட்டியில் வந்த அந்த ஐந்து பேரில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் ஒருவர். பதுளையில் அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவாவது இதுதான் முதல் தடவை. தோட்டத்தில் கொழுந்து எடுப்பது யார்? பெண்கள். சங்கத்தில் சந்தா கட்டுவதில் அதிகம் யார்? பெண்கள். மேடையில் மட்டும் ஒருநாளும் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா மலையால் வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பொம்பளப் பிள்ளயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு போட்டோவைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு பெண் எம்.பி.மாரிடமும் நான் முதலில் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: மலையில் ஒரு மலசலகூடம். நாள் முழுக்க தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு என்ன நோய் வருகிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் தெரியும். புது அமைச்சரவையில் மலையகத்துக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்ற குறையும் எனக்கு இருந்தது. மலையகத்தவரான சுந்தரலிங்கம் பிரதீப் அவர்களைப் பிரதி அமைச்சராக்கினார்கள், நல்லது, ஆனால் போதாது.

வருடக் கடைசி மறுபடி சாமான் விலைக்கே வந்தது. நாட்டரிசி கடைகளில் இல்லை, இறக்குமதி பண்ணினார்கள். தேங்காய் விலை ஏறியது. பாஸ்போர்ட் தட்டுப்பாடு வேறு, பத்தரமுல்லை பாஸ்போர்ட் அலுவலகத்தில் ராத்திரி பகலாக வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ. வெளிநாடு போக நினைத்தவர்களில் பாதிப்பேர் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காமல் விட்டது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. எங்களுக்குப் பிரதேச சபை லேசான விஷயம் இல்லை. தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுக்கோ பைப்புக்கோ பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் தடை இருந்தது, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். தேர்தலும் நடக்காமல் சபையும் இல்லாமல் அந்தத் திருத்தத்தை வைத்து என்ன செய்வது? அந்தத் தேர்தல் கடைசியில் 2025 மே மாதம்தான் நடந்தது. கால்வாசி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது.

அந்தத் தேர்தலுக்கு முன்னம் ஒருநாள் மேல் டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். ஏ.எல். எழுதிவிட்டு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். பிரதேச சபைக்கு நிற்க என்னென்ன தாள் வேணும் அக்கா என்று கேட்டாள். எந்தக் கட்சியில் என்று நான் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிற பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு கொப்பி எடுத்துக் கொடுத்தேன். இடாப்பில் அவளுடைய தகப்பனின் பெயர் பிழையாக இருந்தது. அதைத் திருத்த கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) கடிதம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னேன்.